மூன்று மணி முறையும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "கம்ப்யூட்டருக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளைக்குள் கருகிக் கிடக்கும் பல்லியை எடுத்து மேஜைமேல் வைப்பேன். இதோ உங்கள் கண்ணு. பாபநாசத்தில் இருபது வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஒரு பொம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்டவர்கள் எல்லாம் இன்று என் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். பேய், ஆவி, செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மெஷின் கெட்டுப்போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் கிடைக்கவில்லை என்றால் தேடின ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் என் கட்சி.

இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது எதற்கென்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம் ஏதோ பயந்த சுபாவம் என்று நீங்கள் முடிவுகட்டக் கூடாது. நம்பாவிட்டால் போங்கள், எனக்குக் கோபமில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொட்டாவி விட்டிருப்பேன்.

கடையில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறேன். யாருடைய மெஷின், என்ன கோளாறு, என்ன காரணம் என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் என் கையாலேயே எழுதிவிடுவேன். இருபது வருஷத்தில் இப்படி எத்தனையோ நோட்டு தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் புரட்டினாலும் காரணம் என்ற கட்டம் காலியாக இருப்பது ஒரே ஒரு வரியில்தான். அந்த வரியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆயுதபூஜை முடிந்த வாரம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கிற கையோடு நம் ஜனங்கள் கம்ப்யூட்டருக்கும் வைத்துவிடுவார்கள். ஒரு பொட்டு வைத்தால் பரவாயில்லை. பன்னீரில் குழைத்த சந்தனத்தைப் பெட்டியின் மேல்புறம் காற்றுப் போக இருக்கிற ஓட்டை வழியே சொட்டச் சொட்டப் பூசி, அதற்குமேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அப்புறம் மறுநாள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். நான் ஒவ்வொரு வருஷமும் எல்லோரையும் திட்டுகிறேன். அடுத்த வருஷமும் அதையேதான் செய்வார்கள். பக்தியை யார் கேட்பது.

அந்த வருஷமும் அப்படித்தான் விஜயா அக்காவிடமிருந்து போன் வந்தது. குடமுருட்டிப் பாலம் தாண்டி உள்ளே போகிற கிராமத்தில் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். புருஷன் தங்கராசு அண்ணன் அதற்கு முந்தின வருஷம் மாசியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். வயல் வேலை போக மிச்ச நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பார். அதற்காக, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டரையும் ஒரு ஸ்கேனரையும் வாங்கி வந்திருந்தார். அது வாங்கும்போதே கிழம். ஸ்விட்சைப் போட்டால் உடனே கிளம்பாது, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், அரை மணி சூடேறினால்தான் திரையில் ஏதாவது வரும். போர்டில் இருக்கிற கெப்பாசிட்டர்கள் உப்பிப்போனால் அப்படித்தான் ஆகும், புதிதாக மாற்றித் தருகிறேன் என்று நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு ஒரு நேரம் இருக்கும்மா, அத ஏன் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்பார். அவர் வழக்கம் என்னவென்றால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு நேரே வயலுக்குப் போய் மடையைப் பார்த்துவிட்டு வருவார், திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் தயாராக இருக்கும். போக பன்னிரண்டு நிமிஷம், வர பன்னிரண்டு நிமிஷம். அவர் இறந்த பிறகு அக்காவும் அதே வழக்கத்தைத்தான் வைத்திருந்தார்.

போனில் அக்காவின் குரல் சரியில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை, அதற்குத் தேவையான ஒரு காகிதம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, கம்ப்யூட்டர் உயிரே இல்லாமல் கிடக்கிறது என்றார். கடையைச் சாத்திவிட்டு, டூல்ஸ் பையையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். பட்டப்பகல், மத்தியானம் ஒன்றரை மணி, வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த மாதிரிக் கதைகளில் வரும் இருட்டும் மழையும் என்னுடையதில் கிடையாது.

விஷயம் இதுதான். அக்காவின் குடும்பம் முப்பது வருஷமாக ஒன்றரை ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு உழுது வந்தது. நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்த ஒரு பெரியவர், நல்ல மனுஷர், தன் கைப்படக் குத்தகைக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். பெரியவர் காலமாகி, சென்னையில் இருக்கிற மகன் நிலத்தை விற்கப் பார்த்தார். குத்தகை என்று யாரும் இல்லை, தங்கராசு கூலிக்கு வேலை பார்த்த ஆள்தான் என்று அவர் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அசல் கடிதம் தகரப்பெட்டியில் இருந்தது, கரையான் பாதியைத் தின்றுவிட்டது, மிச்சமிருந்த பாதியில் கையெழுத்து இல்லை. ஒரு ஜெராக்ஸாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், இனிமே கரையானும் தொட முடியாதுன்னு அவங்க சொன்னாங்கம்மா" என்றார் அக்கா. அந்த ஸ்கேன் கிடைத்தால் நிலம் தங்கும், கிடைக்காவிட்டால் முப்பது வருஷப் பாடு போச்சு.

உள்ளறையில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் இருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, ஓட்டைகளுக்குள் இறங்கியிருந்தது. தங்கராசு அண்ணன் இருந்தவரை மானிட்டர் ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும் வைப்பாராம், போன வருஷம் துக்கத்தில் பூஜை இல்லை, இந்த வருஷம்தான் முதல் தடவையாக அக்கா தனியாகச் செய்திருக்கிறார். அவர் பொருள் என்று கொஞ்சம் கூடுதலாகவே அபிஷேகம் நடந்துவிட்டது.

"அவங்க இல்லாத கொறை தெரியக்கூடாதுன்னு செஞ்சேன். நானே கெடுத்துட்டேன், இல்லம்மா?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் நன்றாகத் திட்டுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் வந்திருக்காது. அதெல்லாம் ஒன்றுமில்லை, அரை மணியில் சரிபண்ணிவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, கன்வெர்ட்டர் வழியாக என் லேப்டாப்பில் மாட்டினேன். மாட்டினால் உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. வேறு ஒயர் மாற்றினேன், வேறு அடாப்டர் மாற்றினேன், காதை வைத்துக் கேட்டேன், கல் மாதிரி கிடந்தது. திருச்சிக்கு அனுப்பினால் டிஸ்க்கைத் திறந்து எடுத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் பத்து நாள் ஆகும். நமக்கு இருப்பது ஒரு ராத்திரி. டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியிலேயே மாட்டிவிட்டு, பெட்டியைக் கிளப்பிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

பவர் சப்ளை வேலை செய்தது, அளந்து பார்த்தேன். ஸ்விட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. கெப்பாசிட்டர்கள் மூன்று உப்பியிருந்தன. ராம் மாட்டுகிற இடம் முழுக்கச் சந்தனம். ராம் என்பது விரலைவிடக் கொஞ்சம் நீளமாகப் பச்சை நிறத்தில் ஒரு பட்டை, அதன் ஓரத்தில் தங்கப் பற்கள் வரிசையாக இருக்கும். அது இல்லாமல் கம்ப்யூட்டர் கிளம்பாது, திரையில் ஒரு எழுத்துகூட வராது. இது என் கருத்து இல்லை, இந்தத் தொழிலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்தக் கம்ப்யூட்டரில் ராமுக்கு இரண்டு இடம், அதில் ஒன்றில்தான் பட்டை இருந்தது. அதை எடுத்து, ரப்பர் போட்டுப் பற்களைத் தேய்த்து, பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி, ஸ்பிரே அடித்து, முதல் இடத்தில் மாட்டிப் பார்த்தேன், இரண்டாவது இடத்தில் மாட்டிப் பார்த்தேன். என் பையில் இருந்த வேறு ராம் எதுவும் அந்தக் கிழத்துக்குப் பொருந்தாது. நேரம் இரண்டேமுக்கால் ஆகிவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது, வாக்குக் கொடுத்த வாய் வேறு உறுத்தியது.

அக்கா அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு, முறை வைத்துத்தான் விட்டார்கள். வாய்க்காலில் வருகிற தண்ணீர் இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை இன்னார் வயலுக்கு என்று கணக்கு. அன்று மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை அக்காவின் முறை. சரியாக மூன்று மணிக்குப் போய் நம் மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்விடும், அடுத்த முறைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். நட்டு இருபது நாள் ஆன பயிர், வயல் வெடித்துக் கிடந்தது. நீங்கள் போய்விட்டு வாங்க அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நெலமே நமக்கு இருக்குமான்னு தெரியல. தண்ணி விட்டு என்ன பண்ணப் போறேன்" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒன்றரை ஏக்கரைத் தவிர அந்த வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. ராமைக் கழற்றிவிட்டு, ராம் இல்லாமலேயே ஸ்விட்சை அழுத்துவது. போர்டுக்கு உயிர் இருந்தால், ராம் இல்லை என்று பீப் பீப் என்று கத்தும். கத்தாவிட்டால் போர்டு போய்விட்டது என்று அர்த்தம், அதற்குமேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ராமை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு இடமும் காலி. ஸ்விட்சை அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அக்கா அந்த நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபேன் சுற்றியது. பீப் வரவில்லை. போர்டு செத்துவிட்டது.

அணைப்பதற்குக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்மா, அணைக்காத. அவங்க போட்டுட்டு மடைக்குப் போயிட்டு வருவாங்கல்ல, அவ்வளவு நேரம் கெடக்கட்டும். நான் உனக்கு டீ போட்டுத் தாரேன்."

ராமே இல்லாமல் அது அரை மணி இல்லை, அரை வருஷம் கிடந்தாலும் வராது. போர்டு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்கும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. கையில் ராமோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அக்கா டீ கொண்டு வந்தார். இரண்டு பேருக்குத்தான் போட்டாரா என்று நான் பார்க்கவில்லை, அப்புறம் பார்த்தபோது அடுப்பு மேடையில் மூன்றாவதாக ஒரு டம்ளர் மூடி வைத்திருந்தது. பழக்கதோஷம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, மகளைப் பற்றி, திருப்பூர் வாடகையைப் பற்றி, என் வீட்டுக்காரரின் முட்டி வலியைப் பற்றி. உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ராமை விரல்களுக்கு நடுவில் புரட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

மூன்று இருபத்தைந்துக்கு உள்ளறையிலிருந்து அந்தப் பழைய ஸ்டார்ட் ஆகிற சங்கீதம் கேட்டது. உங்களுக்குத் தெரியும், பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. "வந்துட்டாங்க" என்றார், சந்தைக்குப் போன ஆள் திரும்பி வந்ததைச் சொல்கிற மாதிரி.

நான் எழுந்து உள்ளே போனேன். திரையில் விளைந்த வயல் ஒன்றின் படம் இருந்தது, தங்கராசு அண்ணன் எடுத்த படம், அதன்மேல் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. பெட்டியின் பக்கத் தகடு திறந்தே கிடந்தது. குனிந்து பார்த்தேன். ராம் இருக்க வேண்டிய இரண்டு இடமும் காலி, டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். பட்டை என் இடது கையில் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபம்தான் முதலில் வரும். இது நடக்காது, இது நடக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். அந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அக்காவின் முகம் ஞாபகம் வந்தது, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

'குத்தகை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பென் டிரைவைச் செருகி அப்படியே காப்பி செய்தேன். மவுஸ் என் கையில் இருந்தது, மற்றபடி எல்லாம் சாதாரணமாகத்தான் நடந்தது, திரையில் ரத்தம் வழியவில்லை, யாரும் என்னைத் தொடவில்லை. பென் டிரைவை உருவி லேப்டாப்பில் போட்டு, கடிதம் திறக்கிறதா, கையெழுத்து தெரிகிறதா என்று பார்த்தேன். தெளிவாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் லேப்டாப்பைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பழைய மானிட்டரைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"போதுங்க. கெடச்சிருச்சு. நீங்க போங்க" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. அவர் சொல்லி முடித்ததும் திரை கறுத்தது, ஃபேன் மெதுவாகி நின்றது. கரண்ட் போகவில்லை, மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் ஸ்விட்சைத் தொடவில்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் இது தேவைப்படும். பையிலிருந்து ஒரு புது ஜிப் கவரை எடுத்தேன், ராமை அதில் போட்டேன், ஜிப்பை இழுத்து மூடினேன், கவரைப் பைக்குள் வைத்தேன், பையை அக்கா வீட்டுக் கூடத்திலேயே வைத்தேன். ரப்பர் போட்டுத் தேய்த்த ராம், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்கு அப்புறம்தான் அக்கா, வா, வயலை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். எனக்கும் அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது.

வயலுக்குப் போனோம். மடை திறந்திருந்தது. தண்ணீர் சளசளவென்று பாய்ந்துகொண்டிருந்தது, வெடிப்பெல்லாம் நிறைந்து பாதி வயல் பளபளத்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம், முறைக்காரர் மடையைத் திறந்ததும் பக்கத்தில் ஒரு பச்சைக் கொம்பை நட்டுவிட்டுப் போவார், இப்போது யாருடைய முறை ஓடுகிறது என்று அடுத்தவருக்குத் தெரிய. ஒவ்வொருவருக்கும் ஒரு கொம்பு. அக்கா வேப்பங்கொத்து வைப்பார். அன்று அங்கே இருந்தது நொச்சிக் கொம்பு, நடுவில் இரண்டாக மடித்துச் செருகியிருந்தது. அக்கா அதைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். அன்று முதல் தடவையாக அப்போதுதான் வாய்விட்டு அழுதார் என்று நினைக்கிறேன். தங்கராசு அண்ணன் நொச்சியைத்தான் அப்படி மடித்து வைப்பாராம்.

கீழ் வயல் மாரியப்பன் அண்ணன் அங்கே நின்றிருந்தார். அவரைப் பிடித்துக் குறுக்கு விசாரணையே நடத்தினேன்.

"மூணேகாலுக்கு நான் வந்தேன். விஜயா வரலன்னா தண்ணிய நம்ம பக்கம் திருப்பிக்கலாம்னுதான் வந்தேன், பொய் எதுக்குச் சொல்லணும். அப்பவே மடை தொறந்துதான் கெடந்துச்சு. கொம்பும் இருந்துச்சு. யாரையும் நான் பாக்கல" என்றார். கொம்பைப் பார்க்காமலே பேசினார். அவர் கழுத்தில் வியர்வை இருந்தது.

சரி, மடையை மாரியப்பன் அண்ணனே திறந்திருக்கலாம். இறந்துபோன சிநேகிதனின் பெண்சாதிக்கு உதவிவிட்டு, சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டிருக்கலாம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன், நானே முதலில் இப்படித்தான் நினைத்தேன். நீங்களும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள், சண்டை இல்லை.

மறுநாள் கடிதத்தை என் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, அக்காவோடு நானும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். நிலத்துக்காரர் மகன் வக்கீலோடு வந்திருந்தார். பிரிண்டை வாங்கிப் பார்த்தார். வக்கீல், இது அசல் இல்லை, கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆரம்பித்தார். மகன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். அப்பாவின் கையெழுத்தை எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறாரோ தெரியாது.

"எங்க அப்பா எழுதுனதுதான் சார். அவங்களே உழுதுக்கட்டும்" என்றார். வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார், அவர் விலக்கிவிட்டார். குத்தகைப் பதிவில் விஜயா அக்கா பேர் ஏறியது. இன்றைக்கும் அந்த நிலத்தை அவர்தான் உழுகிறார்.

அந்தப் பெட்டியை அடுத்த வாரம் கடைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஃபேன்கூடச் சுற்றவில்லை. போர்டைப் பிரித்தால் பின்பக்கம் ஒரு இடத்தில் செம்புக் கோடுகளே கருகி அறுந்திருந்தன. அது புதுக் கருகல் இல்லை, சந்தனம் அதன்மேல் வழிந்து காய்ந்திருந்தது. அப்படியானால் பூஜைக்கு முன்பே கருகியிருக்க வேண்டும், அதாவது நான் அங்கே போவதற்கு முன்பே. அந்த போர்டு ஓடவே முடியாது, ராம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நோட்டை எடுத்துவைத்து, பேர் எழுதினேன், கோளாறு எழுதினேன், காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

இதுவரைக்கும் சொன்னதற்கு ஏதாவது விளக்கம் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். நான் ஒரு வேளை இரண்டாவது ராமைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம், கருகலைத் தப்பாகக் கணித்திருக்கலாம், வெயிலில் மூளை கலங்கியிருக்கலாம். இருபது வருஷத் தொழில்காரியிடம் இப்படிச் சொல்வது மரியாதை இல்லை, இருந்தாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. விசாரணை முடிந்து அன்று சாயங்காலம் கடைக்கு வந்து பையைத் திறந்தேன். ஜிப் கவர் நான் மூடின மாதிரியே மூடியிருந்தது. கவரின் வெளிப்பக்கம் சுத்தம், உட்பக்கம் சுத்தம். உள்ளே இருந்த ராமில், தங்கப் பற்களின் இடுக்கு முழுக்க ஈரமான வாய்க்கால் களிமண் அப்பியிருந்தது. மடையை வெட்டித் திருப்பினால் விரல் நகத்துக்குள் ஏறுமே, அந்தக் கறுப்பு மண். அதில் ஒரு நொச்சி இலையின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மண் இப்போது காய்ந்துவிட்டது. கவரோடு என் மேஜை டிராயரில் இருக்கிறது, வாருங்கள், காட்டுகிறேன். என் கடைக்கு வருகிற எந்த ராமையும் ரப்பர் போட்டுத் தேய்க்காமல் நான் விட்டதில்லை. இதை மட்டும் இன்னும் தேய்க்கவில்லை.